நண்டு ரசமும் வாடகைத் தொண்டையும்

எனக்குச் சளி பிடித்ததற்கு நானே காரணம். மழைக்காலத்து மாலையில், தூறலில், கடலைப் பார்த்து நின்றுகொண்டு மேடைப்பேச்சு ஒத்திகை பார்க்கிறவனுக்குச் சளி பிடிக்காமல் என்ன செய்யும்? அலைச்சத்தத்தைத் தாண்டிக் கேட்கும்படி பேசிப் பழகினால் எந்த மேடையிலும் பேசிவிடலாம் என்று யாரோ சொன்னதாக நினைவு. யாரும் சொல்லாமல் நானே யோசித்திருக்கவும் கூடும். என் மூளையில் இம்மாதிரி யோசனைகள் தானாகவே முளைக்கும், தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.

ஒத்திகை எதற்கென்று சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்ப்பது மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாக இருக்கும் ஓர் அரசு அலுவலகத்தில், கொள்முதல் பிரிவில். எங்களுக்குப் பக்கத்து அறை ஸ்டோர்ஸ். அதன் பொறுப்பாளர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெற இருந்தார். அலுவலகத்திலிருந்து சற்று வடக்கே உள்ள மீனவக் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிட மூத்தவர். இருந்தாலும் என்னை ‘அண்ணாத்த’ என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பக்கத்தில் அதற்கு வயது பார்ப்பதில்லை. நான் அவரை அண்ணே என்பேன். இப்படி ஒருவரையொருவர் அண்ணனாக்கிக்கொண்டு எத்தனையோ வருடம் ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறோம்.

எங்கள் அலுவலகத்தில் ஓய்வுபெறும் நாளன்று காலையில் சால்வையும் மிக்சர் பொட்டலமும் உண்டு. மாலையில் அவரை அலுவலக வண்டியில் ஏற்றி மாலையோடு வீட்டில் கொண்டுபோய் விடுவோம். வீட்டு வாசலில் பந்தல் போட்டு ஊருக்கும் உறவுக்கும் சாப்பாடு போடுவார்கள். அந்தப் பந்தலில் உடன் வேலை பார்த்த ஒருவர் எழுந்து, இவர் அலுவலகத்தில் எப்பேர்ப்பட்டவர் என்று பேச வேண்டும். யார் பேசுவது என்பதை ஓய்வு பெறுகிறவரே முடிவு செய்வார். அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“நீதான் பேசற. ஆனா ஒண்ணு, ஜோக்கு கம்மி பண்ணு. சம்பந்தி வூட்டுக்காரங்க வராங்க.”

விஷயம் அங்கேதான் இருந்தது. அவருடைய மகள் முந்தைய வருடம் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை வீடு செய்யூர்ப் பக்கம், சவுக்குத் தோப்பும் வேர்க்கடலைக் கொல்லையும் உள்ள குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா கல்யாணத்துக்கு வந்தார், முகத்தைக் காட்டினார், போனார். அண்ணன் என்ன வேலை பார்க்கிறார் என்று அவர் கேட்டபோது, ‘ஸ்டோர்ஸ்ல கீறேன்’ என்று இவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். அவர் மனத்தில் ஏதோ கிடங்கு, ஏதோ காவல் என்று பதிந்துவிட்டது. அன்றிலிருந்து மருமகளிடம் பேசும்போதுகூட ‘உங்க கோடவுன்காரர் வரலியா?’ என்றுதான் கேட்பாராம். சம்பந்தி என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை.

“எனக்கு இன்னா வந்துச்சு? நான் கோடவுன்காரனாவே இருந்துட்டுப் போறேன். பொண்ணுதான் ஒவ்வொரு தபாவும் கேட்டுட்டு வந்து அழுவுது. நீ ஒரு பத்து நிமிசம் ஒழுங்கா பேசுனா போதும் அண்ணாத்த, அவரு காதுல ஏறும்” என்றார்.

அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் நான் கடலோடு மல்லுக்கு நின்றேன். கடல் ஜெயித்தது. மறுநாள் காலை எழுந்து மனைவியிடம் காபி கேட்டேன். பழைய சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம்தான் வந்தது.

அலுவலக மருத்துவமனையில் டாக்டர் என் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். “சாதாரண சளிதான். வெந்நீர் குடிங்க, ஆவி பிடிங்க, பேசாதீங்க. கிசுகிசுன்னும் பேசாதீங்க, அது இன்னும் மோசம்.” முக்கால்வாசி நேரமும் பேசியே சம்பளம் வாங்குகிறவனிடம் சொல்லக்கூடிய வைத்தியமா இது?

எங்கள் குடியிருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிளாக்கிலும் தமிழ்நாட்டு வரைபடத்தை மடித்து வைத்த மாதிரி ஆட்கள். நான் விருதுநகர், மனைவி திருநெல்வேலி, எதிர்வீடு நாகர்கோவில், கீழ்வீடு கோயம்புத்தூர், மேல்வீடு கும்பகோணம். சாதாரண நாள்களில் தண்ணீர் மோட்டார் யார் போடுவது என்பதைத் தவிர எங்களுக்குள் சண்டை இல்லை. யாருக்காவது சளி பிடித்துவிட்டால்தான் மாவட்டங்கள் மோதிக்கொள்ளும்.

முதலில் எதிர்வீட்டு அக்கா வந்தார். நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். ஒரு செம்பு நிறையச் சுக்குக் காபி. “கருப்பட்டி ஊர்லேருந்து வந்தது. இங்க கிடைக்கது கருப்பட்டியே இல்ல பாத்துக்கிடுங்க. சூடு ஆறதுக்குள்ள குடிக்கணும்.” குடித்தேன். நாக்கின் மேல்தோல் வெந்தது.

அடுத்து கீழ்வீடு. மஞ்சளும் மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பால், எவர்சில்வர் தூக்கில். “ஏனுங்க, சுக்குக் காப்பியெல்லாம் வயித்தைக் காந்துமுங்க. இதக் குடிச்சுட்டுப் படுத்தீங்கன்னா காலைல பாட்டே பாடலாமுங்க.” இதையும் குடித்தேன்.

மேல்வீட்டுக்காரர் தாமே நேரில் வந்தார். கண்டந்திப்பிலி ரசம், ஈயச் சொம்பில். “பாலா? சளிக்குப் பாலா? யார் கொடுத்தா?” என்று கேட்டுவிட்டு, கீழ்வீட்டுக் கதவு திறந்திருப்பதைக் கவனித்துக் குரலைத் தாழ்த்தினார். “சரி சரி, போனது போகட்டும். இதைச் சாதத்துல பிசையாம அப்படியே குடிச்சிடுங்கோ.” அப்படியே குடித்தேன்.

மறுக்க முடியாது. முதல் காரணம், மறுக்கக் குரல் வேண்டும். இரண்டாவது, ஒவ்வொருவரும் மாடிப்படியில் மறித்து ‘குடிச்சீங்களா, எப்படி இருக்கு?’ என்று கேட்பார்கள். நான் கட்டை விரலை உயர்த்துவேன். உடனே அடுத்த செம்பு வரும். மூன்று வீட்டு மருந்தும் ஒரே வயிற்றில் சந்தித்தபோது அங்கே நடந்ததை எழுதினால் இதை யாரும் சாப்பாட்டு நேரத்தில் படிக்க மாட்டீர்கள். தொண்டை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

மனைவியின் கவலை வேறு. அடுப்பு மேடை முழுக்க அடுத்த வீட்டுப் பாத்திரங்கள். ஒருவர் வீட்டிலிருந்து பதார்த்தத்தோடு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது எங்கள் இரண்டு வீட்டுப் பக்கமும் உள்ள வழக்கம். கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

“உங்களுக்குச் சளி பிடிச்சாலும் பிடிச்சுது, நான் மூணு வீட்டுக்குப் பலகாரம் செய்யணும் போலுக்கு. இனி யார்கிட்டயும் வாங்காதீக” என்றாள்.

சரியென்று தலையாட்டினேன். அந்த வாரம் நான் ஆட்டிய தலையாட்டலுக்கு எந்தத் தஞ்சாவூர் பொம்மையும் ஈடாகாது.

விழாவுக்கு முதல் நாள் அமாவாசை. எனக்கு அரை நாள் விடுப்பு. அப்பாவுக்குப் படையல் முடித்து, மனைவி காக்கைக்கு வைக்க வாழையிலையில் சோறும் வடையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் மொபெட் சத்தம். அண்ணன், கையில் மூன்றடுக்குத் தூக்குச்சட்டி.

“இன்னாம்மா, ஆளு பேச ஆரம்பிச்சாச்சா?”

நான் வாயைத் திறந்து காட்டினேன். காற்று வந்தது. அண்ணனின் முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் அணைந்ததைப் பார்த்தேன். உடனே சமாளித்துக்கொண்டு தூக்கை நீட்டினார்.

“வூட்ல குடுத்துவுட்டா. நண்டு ரசம். நாளிக்கி நீ பேசற, அவ்ளோதான். இதுக்கு மேல எவன் வைத்தியமும் வேணாம்.”

மனைவி வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். “அண்ணாச்சி, இன்னைக்கு அமாவாசைல்லா!”

“அத்தாம்மா விசயமே. பௌர்ணமி நண்டு வெறும் ஓடு, ஒண்ணும் இருக்காது. அமாவாசைக்குத்தான் சதை புடிச்சி கனமா கீது. எங்கூட்டுக்காரி காலைல வலைலருந்து பாத்துப் பாத்துப் பொறுக்கினா.”

“அமாவாசைக்கு நாங்க கவுச்சி சேக்க மாட்டோமே.”

“மருந்துக்கு இன்னாம்மா அமாவாசை, கிருத்திகை? நீ சேக்காத. சளி புடிச்சது அவனுக்குத்தானே?”

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. தெற்கே எங்கள் வீடுகளில் முட்டைகூட நுழையாத நாளில்தான் இந்தக் கடற்கரையில் நண்டு நண்டாக இருக்கிறது. இந்தச் சிக்கலை எங்கள் இரண்டு பக்கத்து முன்னோர்களும் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்க வேண்டும். தீர்க்காமல் என் வாசல்படியில் விட்டுவிட்டார்கள். மனைவி என்னைப் பார்த்தாள், தூக்கைப் பார்த்தாள், அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். கடைசியில் மேலே கை காட்டினாள்.

“வீட்டுக்குள்ள கொண்டு வரவேண்டாம். மாடியில வச்சுக் குடிங்க. அப்படியே இந்தக் காக்காச் சோத்தையும் கொண்டுபோய் வச்சிருங்க.”

அண்ணன் கிளம்பினார். நான் ஒரு கையில் அப்பாவின் படையலும் மறுகையில் அமாவாசை நண்டுமாக மொட்டைமாடி ஏறினேன். தண்ணீர்த்தொட்டியின் நிழலில் இலையை வைத்தேன். சட்டப்படி நான் ‘கா கா’ என்று கூப்பிட வேண்டும். வந்தது ‘ஹா ஹா’. காகம் மதிக்கவில்லை. சரி, வருகிறபோது வரட்டும் என்று தூக்கின் மூடியைத் திறந்தேன்.

இதை எழுதும்போதும் வாயில் நீர் ஊறுகிறது. சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம் எல்லாவற்றையும் நண்டோடு சேர்த்து நசுக்கிக் கொதிக்கவைத்து வடித்த ரசம். மேலே கறிவேப்பிலை. அடியில் நசுக்காத இரண்டு கொடுக்குகள், உறிஞ்சுவதற்கென்றே போட்டவை. முதல் மடக்கில் மூக்கு ஒழுகியது, இரண்டாவதில் கண், மூன்றாவதில் காதே அடைப்பு விட்டது. ஒரு வாரமாக வாசனை தெரியாதிருந்த எனக்கு முதலில் தெரிந்த வாசனை நண்டு. அடுத்தது, என் சட்டை.

காகம் அப்போதுதான் வந்தது. வாழையிலையைப் பார்த்தது. வடையைப் பார்த்தது. பிறகு என் பக்கமாகத் தத்தித் தத்தி வந்து, தூக்கு மூடியில் நான் வைத்திருந்த கொடுக்கைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது. என் அப்பாவுக்கு நண்டென்றால் உயிர். கீழே போய் மனைவியிடம் சைகையில் சொன்னேன். அவள் படையல் போட்ட அப்பாவின் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “மாமாதான்” என்றாள். அதற்குப் பிறகு அமாவாசை பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. தூக்கை மட்டும் வெளிக்குழாயிலேயே கழுவச் சொன்னாள்.

மறுநாள் காலையில் எனக்குக் குரல் இருந்தது. ‘இருந்தது’ என்றால், கதவிடுக்கில் மாட்டிக்கொண்ட பூனைக்கு இருக்கிற அளவு. அதையும் நான் பத்திரப்படுத்தவில்லை. வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று குளியலறையில் முழுப் பேச்சையும் ஒருமுறை பேசிப் பார்த்தேன். மதியத்துக்குள் பூனையும் போய்விட்டது.

மாலையில் குப்பத்துக்குப் போனோம். பந்தலில் ஷாமியானா காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. பின்னால் மணலில் கவிழ்த்த படகுகள், முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள், முதல் வரிசையில் மாப்பிள்ளையின் அப்பா, செய்யூர்க்காரர். வெள்ளை வேட்டி, மடித்த கை, முகத்தில் சவுக்குக் கட்டையின் இறுக்கம். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி அண்ணனின் மகள், என்னையே பார்த்துக்கொண்டு. அந்தப் பார்வை ஒன்றுதான் அந்த மாலையில் எனக்குப் பயமாக இருந்தது.

என் பேரைச் சொல்லி அழைத்தார்கள். மைக்கின் முன் நின்றேன். வாயைத் திறந்தேன்.

ஒன்றும் வரவில்லை. மைக்செட்காரர் தன் மேல்தான் தவறென்று நினைத்து ஒலியைக் கூட்டினார். ஸ்பீக்கர் பெட்டி கூவியது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “யோவ், ஆளுக்கு கரண்டு இல்லப்பா!” என்றது. சிரிப்பு. சிரிக்கவைப்பது என் வழக்கம்தான், ஆனால் அன்று நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. செய்யூர்க்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணன் மாலையோடு உட்கார்ந்தபடி ‘பரவாயில்லை, வுடு’ என்று கை காட்டினார்.

அப்போது அண்ணி மேடைக்கு ஏறி வந்தார். அண்ணனின் மனைவி, நண்டு ரசத்துக்குச் சொந்தக்காரர். கையில் வெந்நீர் டம்ளர். என்னிடம் கொடுத்துவிட்டு மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

“இன்னா தம்பி, ரசம் வேல செய்யலியா? செரி, என் காதுல சொல்லு. நான் சொல்றேன்.”

டாக்டர் கிசுகிசுக்காதே என்றது நினைவுக்கு வந்தது. வந்த வேகத்திலேயே போனது. அண்ணியின் காதருகே குனிந்து ஆரம்பித்தேன். பெரிய முன்னுரையெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராகப் புயலுக்குப் போனேன்.

“ஒரு தபா புயல் அடிச்சுதாம்” என்றார் அண்ணி மைக்கில். “அந்தப் புயலு நமக்கெல்லாம் தெரியும். ஆபீஸ் அடித்தளத்துல மழைத்தண்ணி பூந்துடுச்சாம். தண்ணி எறைக்கிற மோட்டாரு ரிப்பேராம். மாத்து சாமான் ஸ்டோர்ஸ்ல கீதாம், ஆனா ஸ்டோர்ஸ் பூட்டிக் கெடக்குதாம். ரோட்ல மரம் வுழுந்து வண்டி வராதாம். இவரு…” என்று என்னைக் காட்டி, “மேசை மேல காலத் தூக்கி வச்சிகினு உக்காந்துகினு இருந்தாராம்.”

இந்த இடத்தில் பந்தல் சிரித்தது. நான் அதற்காகத்தான் சொன்னேன். அடுத்ததைச் சொன்னேன். அண்ணி பாதி கேட்டதுமே நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். பிறகு மெதுவாக மைக்கில் சொன்னார்.

“அந்தக் காத்துல, கடற்கரையோரமாவே நடந்து ஒரு ஆளு வந்தாராம். இடுப்புல சாவிக்கொத்து. வந்து, தொறந்து, சாமானை எடுத்துக் குடுத்து, மோட்டாரு ஓடற வரிக்கும் கூடவே நின்னாராம். யாரும் கூப்புடலியாம். சாவி தங்கிட்டதானே கீதுன்னு வந்தாராம்.”

அண்ணி அண்ணன் பக்கம் திரும்பினார்.

“யோவ், அன்னிக்கி படகு கட்டு அவுந்துச்சான்னு பாத்துட்டு வரேன்னுதானே சொல்லிட்டுப் போன? நானும் என் மாமியாவும் கூரையப் புடிச்சிகினு உக்காந்திருந்தோம்! உன்ன கடலு கொண்டுகினு போயிடுச்சின்னு நான் ஒப்பாரி வச்சேன்யா!”

“சொன்னா நீ வுட்டிருக்க மாட்ட” என்றார் அண்ணன், மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கும்படி.

“வுட்டிருக்கத்தான் மாட்டேன்!”

பந்தலில் சிரிப்பு ஓய்ந்து அடங்க நேரமாயிற்று. அதற்கு மேல் நான் கிசுகிசுத்த எதையும் அண்ணி கேட்கவில்லை. ஊர் முன்னால் ஒரு பழைய சண்டையை முடித்துவிட்டு இறங்கினார். என் பத்து நிமிடப் பேச்சில் ஏழு நிமிடம் இன்றுவரை என்னிடமே இருக்கிறது. வேண்டியவர்களுக்குக் கொடுக்கலாம்.

சாப்பாட்டுப் பந்தியில்தான் விஷயம் நடந்தது. செய்யூர்க்காரர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். முதல்நாள் அமாவாசை நண்டு இலையில் விழுந்தது, மசாலாவோடு. தோப்பிலும் கொல்லையிலும் வளர்ந்த மனிதர், அதை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அண்ணன் குழம்பு வாளியோடு அந்த வழியே வந்தார்.

“ஏன் சம்பந்தி,” என்றார் செய்யூர்க்காரர், நண்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “இத எப்பிடி ஒடைக்கிறது?”

அண்ணன் வாளியைக் கீழே வைத்தார். பிறகு அவருக்குப் பக்கத்திலேயே மணலில் குந்தி உட்கார்ந்து, “குடு இங்க” என்று வாங்கிக் கொடுக்கை உடைத்து, சதையை முழுசாக உருவி இலையில் வைத்தார். பரிமாறிக்கொண்டிருந்த மகள் சட்டென்று திரும்பி நின்றாள். அவளுக்கும் சளிதானோ என்னவோ, மூக்கை உறிஞ்சினாள்.

இரண்டு நாள் கழித்து அண்ணனிடமிருந்து போன்.

“இன்னா பண்ண அண்ணாத்த எம் பொண்டாட்டிய? உன் சளி மொத்தத்தையும் காதுல ஊதிட்டியா? பேச்சே வரல. வூடே அமைதியா கீது. எனக்கு பயமா கீது.”

எனக்குக் குரல் முக்கால்வாசி திரும்பியிருந்தது. “நிம்மதின்னு சொல்லுங்கண்ணே” என்றேன்.

“ரெண்டும்தான்.”

தூக்குச்சட்டி எங்கள் வீட்டிலேயே இருந்தது. வெறுமையாகக் கொடுக்கக்கூடாதே. மனைவி விஷயத்தைச் சொன்னதும் பிளாக்கே திரண்டது. அடியடுக்கில் மேல்வீட்டுக் கண்டந்திப்பிலி ரசம், நடுவில் கீழ்வீட்டு மஞ்சள் பால், மேலே எதிர்வீட்டுச் சுக்குக் காபி. ஒன்றின் நாற்றம் மற்றதன் மேல் ஏறியது. பால் வேண்டவே வேண்டாம் என்று கும்பகோணமும், பால் இல்லாமல் தூக்கு போகாது என்று கோயம்புத்தூரும் மாடிப்படியில் கடைசிவரை வாதாடின. என் மனைவி தன் பங்குக்கு ஒரு சிறு பாத்திரத்தில் மிளகு ரசம் வைத்துத் துணியில் கட்டிக் கொடுத்தாள்.

கொண்டுபோய் வைத்தேன். அண்ணி ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து முகர்ந்து மூடினார். என் மனைவியின் ரசத்தை மட்டும் ஒரு வாய் குடித்தார். யோசித்தார். அண்ணனை அருகில் அழைத்து அவர் காதில் ஏதோ சொன்னார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

“நல்லா கீதாம். மொளவு பத்தலியாம்.”